தடுப்பூசி யாரைக் காக்கிறது? பழனித் தைப்பூசத் தடையும் நோய்ப்பரவல் விவாதமும்

2021 நவம்பர் 18 அன்று தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறை இயக்குநர் வெளியிட்ட சுற்றறிக்கை, பொது இடங்களுக்கு வருவோர் கொரோனா தடுப்பூசி செலுத்திக்கொண்டவர்கள்தாமா என்பதை அந்தந்த இடங்களுக்குப் பொறுப்பானவர்கள் உறுதிசெய்ய வேண்டும் என்று, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைச் சுட்டிப் பணித்தது. இரண்டு மாதம் நிறைவதற்குள், 2022 ஜனவரி 14 முதல் 18 வரை மாநிலத்தின் எல்லா வழிபாட்டுத் தலங்களிலும் பொதுமக்கள் வழிபட அரசு தடை விதித்தது. அந்த ஐந்து நாள்களில் கடைசி நாள், பழனி முருகன் கோயிலின் பெருவிழாவான தைப்பூசம். ஆகவே தடையின் பாரம் மற்ற எந்த ஊரையும்விடப் பழனியின்மீதே மிகுதியாக விழுந்தது. முதல் ஆணை தடுப்பூசி போட்டவர், போடாதவர் என்று மக்களை இரண்டாகப் பிரித்தது. இரண்டாவது ஆணை அப்படிப் பிரிக்கவில்லை; இரண்டு தவணையும் முடித்துச் சான்றிதழைக் கைபேசியில் வைத்திருந்தவருக்கும் ஒரு தவணைகூடப் போடாதவருக்கும் மலைப்படி ஒரே விதமாக அடைக்கப்பட்டது.

இந்த இரண்டு ஆணைகளின் பின்னாலும் வெவ்வேறு மருத்துவ அனுமானங்கள் இருக்கின்றன. தடுப்பூசி போட்டவரால் பிறருக்குத் தொற்று பரவாது, அல்லது மிகக் குறைவாகவே பரவும் என்று கொண்டால்தான் வாசலில் சான்றிதழ் கேட்பதற்குப் பொருள் உண்டு. போட்டவரும் பரப்பக்கூடும் என்று கொண்டால்தான் எல்லாரையும் ஒருசேரத் தடுப்பதற்குப் பொருள் உண்டு. பெருந்தொற்றுக் காலம் முழுவதும் உலகெங்கும் நடந்த தடுப்பூசி விவாதத்தின் மையமும் இதுவே: தடுப்பூசி போட்டுக்கொண்டவரைக் காக்கிறதா, அவருக்குப் பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்துக் காக்கிறதா என்ற கேள்விகள் இரண்டும் தனித்தனியானவை, அவற்றை ஒன்றாகக் குழைத்துப் பேசியதால்தான் விவாதம் கசந்தது.

பழனியை வைத்து இந்தக் கேள்வியைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அவ்வூரார் அல்லர். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடிகள் தொடங்கி மேற்கே கொங்கு நாட்டு ஊர்கள் வரை பல திசைகளிலிருந்து பாதயாத்திரையாக வருவோர், நாள்கணக்கில் நடந்து, வழியில் அன்னதானப் பந்தல்களில் உண்டு, மண்டபங்களில் நெருக்கியடித்து உறங்கி, அடிவாரத்தில் முடி இறக்கி, வரிசையில் காத்திருந்து மலையேறித் திரும்புகிறார்கள். வருவாய்த் துறையின் கணக்கில் பழனி திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு வட்டம். ஆனால் பொதுச் சுகாதாரத் துறை அந்த மாவட்டத்தைத் திண்டுக்கல், பழனி என இரு சுகாதார மாவட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. தடுப்பூசிப் பணியும் நோய்க் கண்காணிப்பும் அந்தப் பிரிவின் வழியே நடப்பவை. ஒரு சுகாதார மாவட்டம் தன் எல்லைக்குள் வாழ்பவர்களுக்கு எத்தனை தவணை போட்டது என்று கணக்கிடலாம். விழாவுக்கு வந்து இரண்டு நாளில் திரும்பிவிடும் கூட்டத்தை அது கணக்கில் எடுக்க முடியாது. கிருமி உடலில் புகுந்ததற்கும் அறிகுறி தோன்றுவதற்கும் இடைப்பட்ட நாள்களை நோயரும்பு காலம் என்பர். அப்போது பரவிய ஒமைக்ரான் திரிபில் அது ஏறத்தாழ மூன்று நாள். அதாவது, பழனி வரிசையில் தொற்றிய கிருமி பழனியின் கணக்கில் ஏறாது. தேவகோட்டையிலோ தாராபுரத்திலோ உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில்தான் ஏறும். திருவிழாக்களால் நோய் பரவியதா இல்லையா என்ற வாக்குவாதத்தில் இரு தரப்பாரும் உறுதியான எண் எதையும் காட்ட முடியாமல் போனதற்கு இதுவே பெரிய காரணம்.

தடுப்பூசித் திட்டம் தொடங்கிய காலத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை எனலாம். 2021 ஜனவரி 16 அன்று நாடு முழுவதும் பணி தொடங்கியபோது தமிழ்நாட்டில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அதைத் தொடங்கிவைத்தார். அடுத்த பன்னிரண்டாம் நாள் வந்த தைப்பூசத்துக்கு முதன்முறையாக அரசு விடுமுறை அளிக்கப்பட்டிருந்தது. அப்போது மருத்துவப் பணியாளர்களுக்கு மட்டுமே ஊசி போடப்பட்டுக்கொண்டிருந்தது. போட்டுக்கொள்ள வேண்டியவர்களே தயங்கினார்கள். தயக்கத்துக்கு வெறும் வதந்தியைக் காரணம் சொல்வது நியாயமாகாது. கோவாக்சினின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவுகள் வெளிவருமுன்பே ஜனவரி 3 அன்று அதற்கு அவசரகால அனுமதி வழங்கப்பட்டது. மருத்துவர்களுக்குள்ளேயே அதுபற்றிக் கடும் கருத்து வேற்றுமை இருந்தது. கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையிலான காலம் முதலில் நான்கு முதல் ஆறு வாரமாக இருந்து, மார்ச்சில் ஆறு முதல் எட்டு வாரமாகவும், மே 13 அன்று பன்னிரண்டு முதல் பதினாறு வாரமாகவும் நீட்டப்பட்டது. இடைவெளி கூடினால் எதிர்ப்பாற்றல் கூடும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இருந்தபோதிலும், தட்டுப்பாட்டை மறைக்கவே நீட்டுகிறார்கள் என்ற ஐயம் மக்களிடம் வேரூன்றியது. ஏப்ரலில் தமிழ்நாட்டின் தடுப்பூசி வீணடிப்பு 12 விழுக்காட்டைத் தொட்டு, நாட்டிலேயே மிகுதி என்ற பெயரைப் பெற்றது: பத்துத் தவணை கொண்ட குப்பியைத் திறந்தபின் ஆள் வராவிட்டால் மீதி வீணாவதைத் தவிர வழியில்லை.

அந்தத் தயக்கத்தின் உச்சம் ஏப்ரல் 17. நடிகர் விவேக், பொதுமக்களுக்கு நம்பிக்கையூட்டுவதற்காகச் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் முன்வந்து தடுப்பூசி போட்டுக்கொண்டு, இரண்டே நாளில் மாரடைப்பால் காலமானார். இதயத்தின் முதன்மை இரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததாகவும் தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை எனவும் மருத்துவர்களும் சுகாதாரத் துறைச் செயலரும் அன்றே விளக்கினார்கள். ஆனால் தடுப்பூசிக்குப் பிந்தைய பாதகங்களை ஆராயும் தேசியக் குழு அதே முடிவை முறைப்படி அறிவித்தது அக்டோபரில்தான். இடைப்பட்ட ஆறு மாதத்தில் அந்த மரணம் கிராமந்தோறும் எத்தனை பேரை முகாமிலிருந்து திருப்பியனுப்பியது என்பதை வீடுவீடாகச் சென்ற கிராம சுகாதார செவிலியர்களே அறிவார்கள். விசாரணை முடிவு சரியானதாக இருந்தது. அது காலம் கடந்து வந்ததன் விலையை எந்த அறிக்கையும் கணக்கிடவில்லை.

இரண்டாம் அலை மக்களின் மனத்தை மாற்றியது. மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. மாத இறுதியில் அன்றாட மரணங்கள் 490ஐ எட்டின. போட்டுக்கொள்ள மக்கள் வந்தபோது ஊசி இல்லை. பதினெட்டு முதல் நாற்பத்து நான்கு வயதுக்குட்பட்டோருக்கு மாநிலங்களே விலைகொடுத்து வாங்க வேண்டும் என்ற மே மாதக் கொள்கையின்படி, மூன்றரைக் கோடி தவணைகளுக்குத் தமிழ்நாடு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது, ஒருவரும் முன்வரவில்லை. உச்ச நீதிமன்றத்தின் கடும் விமர்சனத்துக்குப் பின், ஜூன் 21 முதல் ஒன்றிய அரசே மீண்டும் வாங்கி வழங்கத் தொடங்கியது. செப்டம்பர் 12 அன்று மாநிலமெங்கும் 40,000 இடங்களில் நடந்த முதல் மாபெரும் முகாமில் 20 லட்சம் என்ற இலக்கைக் கடந்து 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தடுப்பூசி பெற்றார்கள். ஏப்ரலில் குப்பிகளை வீணடித்ததாகப் பெயரெடுத்த மாநிலத்தில், குப்பியில் கூடுதலாக நிரப்பப்பட்டிருக்கும் மருந்தையும் சிந்தாமல் எடுத்துப் பதினோராவது ஆளுக்குப் போட்ட செவிலியர்களால் வீணடிப்புக் கணக்கு எதிர்மறையாகவே மாறியது.

தடுப்பூசி உயிரைக் காத்தது என்பதற்கான சான்று தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்தது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், மாநிலக் காவல் துறையின் 1,17,524 பேரை ஆராய்ந்தது. இரண்டு தவணையும் பெற்றவர்கள் 67,673 பேர், ஒரு தவணை பெற்றவர்கள் 32,792 பேர், ஒன்றும் பெறாதவர்கள் 17,059 பேர். 2021 ஏப்ரல் 13க்கும் மே 14க்கும் இடையில் அவர்களில் 31 பேர் கொரோனாவால் இறந்தனர்; இறந்தவர்களில் 20 பேர் தடுப்பூசி பெறாத அந்தச் சிறுபான்மையினர், ஏழு பேர் ஒரு தவணை பெற்றவர்கள், நான்கு பேர் மட்டுமே இரண்டும் பெற்றவர்கள். மரணத்தைத் தடுப்பதில் ஒரு தவணை 82 விழுக்காடும் இரண்டு தவணை 95 விழுக்காடும் பயன் தந்ததாக ஆய்வு கணித்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தன் பணியாளர்களிடையே நடத்திய ஆய்வு இன்னும் நுட்பமான ஒரு படிநிலையைக் காட்டியது: இரண்டு தவணைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல நேர்வதை 94 விழுக்காடும், ஆக்சிஜன் தேவையை 92 விழுக்காடும், மருத்துவமனையில் சேர்வதை 77 விழுக்காடும் குறைத்தன, தொற்று ஏற்படுவதையோ 65 விழுக்காடுதான் குறைத்தன. நோயின் கடுமை ஏற ஏறத் தடுப்பூசியின் காப்பும் ஏறுகிறது. கடுமை இறங்க இறங்கக் காப்பும் இறங்குகிறது. இந்தப் படிநிலையை அன்றே மக்களுக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் பின்னாளில் எழுந்த ஏமாற்றத்தின் பெரும்பகுதி எழுந்திருக்காது.

கடுமையான நோயைத் தடுக்கும் ஒரு தடுப்பூசி தொற்றைத் தடுக்காமல் போவது எப்படி என்பதை விளக்க, தமிழ்நாட்டாருக்குப் பழக்கமான போலியோ மருந்து உதவும். வாய்வழிச் சொட்டு மருந்து, போலியோ கிருமி குடிபுகும் குடலிலேயே எதிர்ப்பாற்றலை உண்டாக்குவதால், கிருமி பெருகி வெளியேறுவதையும் குறைக்கிறது; ஊசிவழிப் போலியோ தடுப்பூசி இரத்தத்தில் வலுவான காப்பைத் தந்து வாதம் வராமல் தடுத்தாலும், குடலில் கிருமி தங்குவதை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. கொரோனா தடுப்பூசிகளும் தசையில் போடப்பட்டு இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குபவை. கிருமி முதலில் இறங்குவதோ மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரச் சவ்வில். அந்த வாசலில் காவல் மெலிந்தது. உள்ளே நுரையீரலில் காவல் வலுத்தது. ஊசி போட்ட சில வாரங்கள் வரை இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் மிகுந்திருப்பதால் வாசலிலும் ஓரளவு காப்பு இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல அது வடியும்.

டெல்டா திரிபு வந்தபின் இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. 2021 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கடற்கரை ஊரில் விடுமுறைக் கூட்டங்களை ஒட்டிப் பரவிய தொற்றில், அம்மாநிலத்தவரிடையே கண்டறியப்பட்ட 469 பேரில் 74 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்கள். அதன் பின்னரே தடுப்பூசி போட்டவர்களும் உள்ளரங்குகளில் முகக்கவசம் அணிய வேண்டும் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் அறிவுரையை மாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு ஒரே வீட்டில் வாழ்வோரிடையே டெல்டா எப்படிப் பரவுகிறது என்று பார்த்தது. தடுப்பூசி பெற்ற உறவினர்களில் 25 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் தொற்று பரவியது. அதாவது ஏற்பவரின் பக்கம் தடுப்பூசிக்குப் பயன் இருந்தது. ஆனால் பரப்பியவரின் பக்கம் பார்த்தால், தடுப்பூசி பெற்ற நோயாளியிடமிருந்து 25 விழுக்காடும் பெறாத நோயாளியிடமிருந்து 23 விழுக்காடும் பரவியிருந்தது. எண்ணிக்கையில் சிறிய ஆய்வு அது. வேறு பெரிய ஆய்வுகள், போட்டவரிடமிருந்து பரவுவது சற்றுக் குறைவு என்றும், அந்தக் குறைவு சில மாதங்களில் தேய்கிறது என்றும் காட்டின. ஆக, பரவலைத் தடுப்பூசி சிறிதும் தடுக்கவில்லை என்பதும் தவறு. முற்றிலும் தடுத்தது என்பதும் தவறு. நவம்பர் சுற்றறிக்கை வெளிவந்தபோது இந்த ஆய்வுகள் பலவும் அச்சாகியிருந்தன.

தமிழ்நாட்டில் ஒமைக்ரான் 2021 டிசம்பர் 15 அன்று முதன்முதலில் உறுதியானது. ஐந்தே வாரத்தில் மாநிலத்தின் அன்றாடத் தொற்று 30,000ஐத் தாண்டியது. அதற்குச் சற்று முன்னர் நடந்த மாநில அளவிலான குருதி ஆய்வில் 87 விழுக்காட்டினரிடம் எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன. பழைய பாடநூல்கள் சொல்லும் கூட்டு எதிர்ப்பாற்றல், அதாவது பெரும்பாலோர் காப்புப் பெற்றுவிட்டால் எஞ்சியவர்களுக்கும் நோய் எட்டாது என்ற கருத்து, தட்டம்மைக்குப் பொருந்துவதுபோல் இந்தக் கிருமிக்குப் பொருந்தவில்லை என்பதை அந்த ஒரு மாதம் மெய்ப்பித்தது. ஆனால் அதே மாதத்தில், இரண்டாம் அலைக்கு நெருங்கிய அளவில் தொற்று இருந்தும், அன்றாட மரணங்கள் ஐம்பதை ஒட்டியே நின்றன. திரிபின் தன்மை ஒரு பங்கு, முன்பே தொற்றியதால் வந்த எதிர்ப்பாற்றல் ஒரு பங்கு, தடுப்பூசி ஒரு பங்கு. மூன்றையும் பிரித்து எடைபோடுவது எளிதன்று. என்றாலும் மூன்றாவது பங்கு மட்டுமே மனித முயற்சியால் கூட்டக்கூடியதாக இருந்தது.

இந்தப் பின்னணியில் தைப்பூசத் தடையைப் பார்த்தால், எல்லாரையும் ஒன்றாக நடத்திய அந்த ஆணை, பிரித்து நடத்திய நவம்பர் ஆணையைவிட அறிவியலுக்கு நெருக்கமானது என்று சொல்ல வேண்டும். ஒமைக்ரானுக்கு முன்னால் சான்றிதழ் வாசற்காவலாக உதவாது என்பதைத் தடை செயலளவில் ஒப்புக்கொண்டது, சொல்லளவில் ஒப்புக்கொள்ளவில்லை. அதிலும் ஒரு குறை உண்டு. நாள்களைக் குறித்து அடைக்கும் தடை, கூட்டத்தைக் கலைப்பதைவிட முன்னும் பின்னும் தள்ளவே செய்யும். மாலையணிந்து நடைப்பயணம் தொடங்கிவிட்டவர் தடை வருமுன் சென்று திரும்பவே முனைவார். கிருமி காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியே பரவுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021 ஏப்ரல் இறுதியில் தன் விளக்கத்தில் ஏற்றது. அடுத்த மாதமே இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், காற்றோட்டமே முதன்மைக் காப்பு என்று எளிய மொழியில் அறிவுரை வெளியிட்டது. அந்த அறிவுரையைப் பழனிக்குப் பொருத்தினால், வெட்டவெளியில் நடக்கும் பாதயாத்திரையும் கிரிவலமும் ஆபத்தில் கடைசி இடத்திலும், மலைக்கு ஏற்றிச் செல்லும் விஞ்ச் பெட்டி, அடைத்த காத்திருப்புக் கூடம், விடுதி அறை, அன்னதான மண்டபம் ஆகியவை முதல் இடத்திலும் வரும். கோயில் வாசல்களிலோ உடல்வெப்பமானியும் கைகழுவு திரவமும்தான் கடைசிவரை காவல் நின்றன.

யாத்திரையும் சான்றிதழும் சந்தித்தது இது முதல்முறை அன்று. நவம்பர் சுற்றறிக்கை சார்ந்து நின்ற 1939ஆம் ஆண்டுச் சட்டம், இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அமைச்சரவைக் காலத்தில் இயற்றப்பட்டது. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அதில் தனி அத்தியாயமே உண்டு. விழாக் கூட்டத்தோடு காலரா ஊர் ஊராகப் போனதை ஆண்டாண்டுகளாகக் கண்டு அலுத்த சுகாதார அலுவலர்களின் அனுபவம் அந்த அத்தியாயத்தில் உறைந்திருக்கிறது. அந்தக் காலத்துக் காலரா ஊசி, போட்டவருக்குச் சில மாதம் ஓரளவு காப்புத் தந்தது. ஆனால் கிருமியைச் சுமந்து செல்வதைத் தடுக்கவில்லை. எல்லை கடக்கும் பயணிகளிடம் காலரா ஊசிச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தபின், அதனால் நோய் நுழைவதைத் தடுக்க இயலவில்லை என்று கண்டு, 1973இல் உலக சுகாதாரப் பேரவை அதைப் பன்னாட்டு விதிகளிலிருந்து நீக்கியது. தூய குடிநீரும் கழிப்பிடமும்தான் காலராவை அடக்கின. பெரியம்மையின் கதை வேறு: அதன் தடுப்பூசி பரவலையே அறுத்ததால்தான், நோயாளியைச் சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் போட்டே கிருமியை உலகிலிருந்து ஒழிக்க முடிந்தது. கொரோனா தடுப்பூசியைப் பெரியம்மைத் தடுப்பூசியின் வரிசையில் வைத்து ஆணையிட்டார்கள். பரவலைப் பொறுத்தவரை அது காலரா ஊசிக்கு அருகில் இருந்தது, உயிர்காப்பதில் அதைவிட எவ்வளவோ உயர்ந்திருந்தது.

இந்த முரண் கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. குழந்தை மருத்துவரும் தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் முன்னாள் உறுப்பினருமான ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் தமிழ்நாடும் ஒரு தரப்பாக நின்று, நவம்பர் சுற்றறிக்கையை நியாயப்படுத்தியது: பரவலான தடுப்பூசி திரிபுகள் உருவாவதைத் தடுக்கும், போடாதவர்களால் மற்றவர்களின் நலத்துக்கு ஆபத்து, பொருளாதாரம் மீள வேண்டும் என்பவை அதன் வாதங்கள். ஒன்றிய அரசோ, சான்றிதழைக் கட்டாயமாக்கும் நெறிமுறை எதையும் தான் வெளியிடவில்லை என்று, தைப்பூசத் தடை நடப்பிலிருந்த அதே ஜனவரியில், வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குத் தெரிவித்திருந்தது. 2022 மே 2 அன்று நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் ஆகியோர் தீர்ப்பளித்தனர். கடும் நோயையும் மரணத்தையும் தடுக்கும் பொருட்டு வகுக்கப்பட்ட தடுப்பூசிக் கொள்கையில் குறை காண முடியாது; எவரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது; போடாதவரால் பரவும் ஆபத்து போட்டவரால் பரவுவதைவிட மிகுதி என்பதற்கு மாநிலங்கள் தரவு எதையும் முன்வைக்காத நிலையில், தொற்று குறைந்திருக்கும்வரை போடாதவர்மீதான தடைகள் அளவுக்குப் பொருந்தியவை அல்ல என்றனர். தடுப்பூசிக்கு ஆதரவான பலர் இத்தீர்ப்பைக் கண்டு மனம் வருந்தினர், எதிரானவர்கள் கொண்டாடினர். இரு சாராரும் அதைப் பாதியாகவே படித்தார்கள் என்று தோன்றுகிறது. தடுப்பூசி பயனற்றது என்று தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. நிறுவப்படாத ஒரு பயனைக் காரணம் காட்டி மக்களின் உரிமையைச் சுருக்கலாகாது என்றே சொன்னது.

அதே ஆண்டு அக்டோபரில், ஐரோப்பிய நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் ஃபைசர் நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர், சந்தைக்கு வருமுன் தடுப்பூசி பரவலைத் தடுக்குமா என்று சோதிக்கப்படவில்லை எனக் கூறியது, மறைத்த உண்மை வெளிப்பட்டதுபோல உலகெங்கும், தமிழிலும்கூட, பரப்பப்பட்டது. உண்மையில் அந்தச் சோதனைகள் அறிகுறியுள்ள நோயைத் தடுப்பதை மட்டுமே அளந்தன என்பது 2020இலேயே வெளியிடப்பட்ட செய்தி. மறைக்கப்பட்டது ஒன்றுமில்லை, அரசுகளும் வல்லுநர்களும் தாங்கள் அறிந்ததைவிட மிகுதியாக வாக்களித்துவிட்டதே பிழை. அந்தப் பிழையால் வந்த அவநம்பிக்கை, பரவல் பற்றிய கூற்றோடு நில்லாமல், ஆயிரக்கணக்கான காவலர்களிடம் நிறுவப்பட்ட உயிர்காப்பு பற்றிய கூற்றையும் சேர்த்து அரித்தது. 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாட்டின் 47 மருத்துவமனைகள் வழியே 18 முதல் 45 வயதுக்குட்பட்டோரின் திடீர் மரணங்கள் 729ஐ ஆராய்ந்து, இரண்டு தவணை பெற்றவர்களுக்கு அத்தகைய மரணத்தின் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது என்று கண்டபோதும், விவேக்கின் பெயரைச் சொல்லி ஐயுறுவோர் ஐயுற்றபடியே இருந்தனர்.

2023 ஜனவரி 27 அன்று பழனி மலைக்கோயிலில் குடமுழுக்கு நடந்தது; ஒன்பதாம் நாள், பிப்ரவரி 5, தைப்பூசம். பாதயாத்திரைக் கூட்டம் பழையபடி சாலைகளை நிறைத்தது. வாசலில் எவரும் சான்றிதழ் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நடந்து வந்த முதியவர்களில் பலர், தம் ஊர் முகாமில் கை நீட்டி வாங்கிக்கொண்ட இரண்டு தவணைகளால் உயிர் பிழைத்து வந்தவர்கள். அவர்கள் யார் யார் என்று அவர்களுக்கும் தெரியாது, கணக்கெடுத்தவர்களுக்கும் தெரியாது.